எழுத்துக்கூட்டத் தெரியும், கடிதம் விளங்கவில்லை

சட்ட ஆலோசனை: வாசகர் கேள்வி

இம்முறை ஆலோசனை கேட்டிருப்பவர் முல்லைத்தீவு மாவட்டத்தின் குடியேற்றக் கிராமமொன்றில் வசிக்கும் 42 வயதான மேசன். அவர் கடிதம் எழுதவில்லை. கைபேசியில் பேசி அனுப்பிய குரற்பதிவுகளை ஆசிரியபீடத்தினர் எழுத்தாக்கி என்னிடம் தந்தார்கள்; அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அவர் ஏழாம் ஆண்டு மாணவன். ஸ்கந்தபுரத்தில் மரத்தின் கீழும் ஓலைக் கொட்டிலிலும் மாறி மாறி நடந்த வகுப்புகளுக்குச் சில மாதங்கள் போனார். பின்பு தகப்பனோடு கூலி வேலைக்குப் போகத் தொடங்கியவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. தன் பெயரைத் திருத்தமாக எழுதுவார், பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பார், சீமெந்துக் கடையில் தரும் பற்றுச்சீட்டில் கணக்குப் பிழைத்தால் கண்டுபிடித்துவிடுவார். நீண்ட எழுத்து என்றால் மட்டும், அவருடைய சொற்களிலேயே, “எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிக்கேக்க தொடக்கத்தில என்ன இருந்ததெண்டு மறந்துபோகும் ஐயா.” இதை மனைவிக்குக்கூட அவர் சொன்னதில்லை. வீட்டுக்கு ஏதாவது கடதாசி வந்தால், “பிறகு ஆறுதலாப் பாப்பம்” என்று சொல்லி வாங்கி வைத்துவிடுவார்.

அப்படி வாங்கி வைத்தவற்றில் ஒன்று இப்போது அவரை நித்திரை கொள்ள விடவில்லை. அயலில் வசிக்கும் மச்சான் முறையான ஒருவர் நிதி நிறுவனமொன்றில் லீசிங் முறையில் ஓட்டோ எடுத்தபோது, “சும்மா சாட்சிக்குத்தான் அண்ணை” என்று நிறுவன உத்தியோகத்தர் சொன்னதை நம்பி, காட்டிய இடங்களிலெல்லாம் இவர் கையெழுத்து வைத்தார். மச்சான் தவணைக் காசைக் கட்டவில்லை. ஓட்டோவை நிறுவனம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சக் காசை 14 நாட்களுக்குள் கட்டும்படி நிறுவனத்தின் சட்டத்தரணி இவருக்கு எழுதிய கடிதம், வந்து மூன்று கிழமையாகியும் பெட்டியின் அடியில் கிடக்கிறது. இதற்கிடையில், வீட்டுக் கூரை வேலைக்காகத் தனியார் ஒருவரிடம் இரண்டு இலட்சம் ரூபாய் வாங்கியபோது காணி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியைக் கொடுத்ததோடு, முத்திரை ஒட்டிய அச்சுத்தாள் ஒன்றிலும் வெற்றுத்தாள்கள் இரண்டிலும் கையெழுத்து வைத்திருக்கிறார். “நீ காணியை எழுதித் தந்திட்டாய்” என்று அந்த மனிதர் இப்போது சொல்கிறார். இவையெல்லாம் தெரியாத ஊரவர்கள், நேர்மையான ஆள் என்று கமக்காரர் அமைப்பின் பொருளாளர் பதவிக்கு அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் கேட்பவை நான்கு. வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் கையெழுத்துச் செல்லாமற் போகுமா? பெயரை எழுதாமல் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தால் தப்பியிருக்கலாமா? காணி போய்விட்டதா? இந்த வயதில் வாசிக்கப் பழகலாமா, அல்லது சாதாரண தரம் படிக்கும் மகளுக்குத் தலைகுனிவு வராமல் இப்படியே சமாளிப்பதா?

அன்பான சகோதரருக்கு,

யார், எப்போது, எங்கே, என்ன சொன்னார் என்பதை நீங்கள் குரற்பதிவில் அடுக்கிச் சொல்லியிருக்கும் ஒழுங்கு, பட்டம் பெற்ற கட்சிக்காரர்கள் பலரிடமும் எனக்குக் கிடைப்பதில்லை. இதைப் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. உங்கள் வழக்குக்கு அது எப்படி உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவசரமானதைப் பார்ப்போம்.

பெட்டியின் அடியில் கிடக்கும் கடிதம்

அந்தக் கடிதம் நீதிமன்றக் கட்டளை இல்லை. அது கோரிக்கைக் கடிதம், அதாவது வழக்குப் போடுமுன் மறுதரப்புக்கு அனுப்பும் அறிவித்தல். 14 நாட்கள் கடந்ததால் உங்களைப் பொலிஸ் பிடிக்காது. பிணை நின்ற கடனை, அதாவது கடனாளி கட்டாவிட்டால் தான் கட்டுவதாகப் பொறுப்பேற்ற கடனை, கட்டாமல் விடுவது குடியியல் விவகாரமே ஒழியக் குற்றம் ஆகாது. ஆகவே அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற உங்கள் எண்ணம் பிழையானது. பணம், கொடுக்கல் வாங்கல் பற்றிய விடயத்தில் ஒருவர் உங்களுக்கு எதிராக ஒரு செய்தியை எழுத்தில் சொல்லும்போது, மறுக்கக்கூடிய நிலையில் இருந்தும் நீங்கள் மறுமொழி எழுதாவிட்டால், அந்த மௌனத்தை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக நமது நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ள இடமுண்டு. மூன்று கிழமை பிந்தியிருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணி மூலம் மறுமொழி போக வேண்டும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கடிதத்தின் நடு வசனத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். “மேற்படி உடன்படிக்கையின் கீழ் பிரதான கடனாளியுடன் கூட்டாகவும் தனித்தனியாகவும் தாங்கள் செலுத்தக் கடமைப்பட்டுள்ள நிலுவைத் தொகையை” என்று தொடங்கி, வினைச்சொல் வந்து சேர்வதற்குள் ஏழு வரி ஓடிவிடுகிறது. இது உங்களுக்கு விளங்காமற் போனதில் வியப்பில்லை. சட்டத்தரணிகள் சட்டத்தரணிகளுக்காக எழுதும் தமிழ் அது; நன்றாகப் படித்தவர்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அதன் சாரம் இவ்வளவுதான்: மச்சானும் நீங்களும் சேர்ந்து கடன்காரர்; இருவரிடமும் கேட்கலாம், ஒருவரிடம் மட்டும் முழுவதையும் கேட்கலாம், யாரிடம் கேட்பது என்பதை நிறுவனம் தீர்மானிக்கும். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற இரண்டு சொற்களுக்குள் உங்கள் கூரைக் காசு முழுவதும் இருக்கிறது.

பிணையாளிக்கு நமது உரோமன் டச்சுச் சட்டம் ஒரு சலுகையை வைத்திருக்கிறது: முதலில் உண்மையான கடனாளியிடம் அறவிடப் பாருங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று அவர் சொல்லலாம். நடைமுறையில் நிதி நிறுவனங்களின் அச்சுப் படிவங்கள், அந்த உரிமையைப் பிணையாளி கைவிடுகிறார் என்ற வாசகத்தை முன்னரே சேர்த்துவிடுகின்றன. உங்கள் படிவத்தில் அது உண்டா என்று பார்க்க வேண்டும். எனவே மறுமொழிக் கடிதத்தில், நீங்கள் கையெழுத்திட்ட எல்லாத் தாள்களின் பிரதியையும் முழுக் கணக்கு விபரத்தையும், கொண்டுபோன ஓட்டோ என்ன விலைக்கு விற்கப்பட்டது, அந்தக் காசு கடனில் கழிக்கப்பட்டதா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பின்னர் கோரும் தொகை குறைந்த வழக்குகளை நான் கண்டிருக்கிறேன். கடைசியில் நீங்கள் ஏதாவது கட்ட நேர்ந்தாலும், கட்டிய தொகையை மச்சானிடமிருந்து அறவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. உறவு என்பதால் அதைக் கேட்பதா விடுவதா என்பது வேறு கதை.

இனி நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் அதை மட்டும் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். குறித்த திகதியில் நீங்கள் தோன்றாவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேளாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பாணை உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட பின், தக்க காரணம் காட்டி அதை நீக்கக் கேட்பதற்கு 14 நாட்களே உண்டு. “கடிதம் விளங்கவில்லை, அதனால் வரவில்லை” என்ற காரணத்தை எல்லா நீதிபதிகளும் ஏற்பார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன்.

வாசிக்கத் தெரியாது என்று சொன்னால்

இங்கேதான் உங்கள் நம்பிக்கையை நான் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. கையெழுத்து வைத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதே சட்டத்தின் தொடக்கப்புள்ளி. வாசிக்கவில்லை என்பதோ வாசிக்கத் தெரியாது என்பதோ தனியே அந்தக் கட்டை அவிழ்க்காது. அவிழ்க்கக்கூடியது ஏமாற்றப்பட்டது என்ற உண்மை. வாசிக்க முடியாமை அந்த உண்மைக்குப் பலம் சேர்க்கும் ஒரு சூழ்நிலை.

இங்கிலாந்தில் 1582 இலேயே இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. எழுத்தறிவில்லாத ஒருவருக்கு, நிலுவை வாடகையை விட்டுக்கொடுப்பது மாத்திரமே என்று ஓர் உறுதியைப் பிழையாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உண்மையில் அந்தத் தாள் அவருடைய எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்தது. அது செல்லாது என்று தீர்ப்பானது. சுமார் நான்கு நூற்றாண்டு கழித்து, 1970 இல் அங்கே பிரபுக்கள் சபை வரை போன இன்னொரு வழக்கில், கண்ணாடி உடைந்திருந்ததால் வாசிக்காமலே கையெழுத்து வைத்த 78 வயது மூதாட்டி வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. தாளின் தன்மையே வேறு என்று காட்டுவதோடு, கையெழுத்திட்டவர் கவனயீனமாக இருக்கவில்லை என்றும் காட்ட வேண்டும் என்பதே அங்கே சொல்லப்பட்டது. இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில்தான் உங்கள் நிலை இருக்கிறது.

‘சாட்சிக்குத்தான்’ என்று உத்தியோகத்தர் சொன்னது நிரூபிக்கப்பட்டால் அது சிறிய விடயம் இல்லை. சாட்சிக்காரருக்குக் கடன் பொறுப்பே கிடையாது. பிணையாளிக்கு முழுப் பொறுப்பும் உண்டு. பொய் சொல்லிப் பெற்ற சம்மதத்தை இரத்துச் செய்யும்படி கேட்க வழியுண்டு. ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில். அன்று கூட இருந்தவர் யார்? மச்சான் உண்மையைச் சொல்ல முன்வருவாரா? தாளில் உங்கள் பெயருக்குக் கீழே ‘பிணையாளி’ என்று தமிழில் அச்சிட்டிருந்ததா, அல்லது அந்தப் பக்கம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்ததா? மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிதி நிறுவனங்கள், வாடிக்கையாளருக்கு விளங்கும் மொழியில் விபரம் தர வேண்டும் என்ற நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டவை. விளங்காத மொழியில் கையெழுத்து வாங்கியது முறைப்பாட்டுக்குரிய விடயம். மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் நிதிசார் ஒம்புட்ஸ்மனுக்கும் அந்த முறைப்பாட்டை அனுப்பலாம்.

எந்த இடத்திலும், “எனக்கு எழுத்தே தெரியாது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுதரப்புச் சட்டத்தரணி கமக்காரர் அமைப்பின் வரவுப் பதிவை எடுத்துக் காட்டி, “இது உங்கள் கையெழுத்துத்தானே? இந்தப் பத்திரிகைத் தலைப்பை வாசியுங்கள்” என்பார். நீங்கள் வாசிப்பீர்கள். அந்த நிமிடத்தோடு நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் பொய்யாகத் தோன்றத் தொடங்கும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: ஏழாம் ஆண்டோடு படிப்பு நின்றது, சொற்களை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், நீண்ட வசனம் விளங்காது, அதனால் உத்தியோகத்தரின் வாய்ச்சொல்லை நம்பினேன். இது பலவீனமான சாட்சியம் இல்லை. குறுக்கு விசாரணையில் உடையாத சாட்சியம் இதுதான். ஒழுங்காகப் பேசும் உங்கள் திறமை இங்கேதான் கைகொடுக்கும்.

பெருவிரல் அடையாளம் வைத்திருந்தாலும் அதே பொறுப்பு வந்திருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு: பெருவிரலைக் கண்டால் எதிரில் இருப்பவர், இவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார், அழகான கையெழுத்தைக் கண்டால் நினைக்கமாட்டார். நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. உறுதியை வாசிக்க இயலாதவருக்கு மட்டுமல்ல, வாசித்துக் காட்டும்படி கேட்கிறவருக்கும், சாட்சிகளின் முன்னிலையில் வாசித்து விளக்கிய பின்பே நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தலாம். கேட்பதற்கு எழுத்தறிவின்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். “எனக்கு ஒருக்கா வாசிச்சு விளங்கப்படுத்துங்கோ” என்பது பேராசிரியருக்கும் உள்ள உரிமை.

காணியும் வெற்றுத்தாளும்

இதில் உங்கள் நிலை நீங்கள் பயப்படுவதைவிட நல்லது. அசையாச் சொத்தைக் கைமாற்றும் எழுத்து, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஒருவர் வீட்டு விறாந்தையில் முத்திரை ஒட்டி எழுதிய தாள் காணியை மாற்றாது. அதற்கும் மேலாக, வன்னிக் குடியேற்றக் கிராமங்களின் பெரும்பாலான காணிகளைப் போல உங்களுடையதும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் முன் அனுமதியில்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ உங்களாலேயே முடியாது. உங்களால் முடியாததை அவர் உங்களிடமிருந்து வாங்கவும் முடியாது. மூலப்பிரதி அவர் கையில் இருப்பதால் அவர் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். பதிவேடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருக்கிறது.

ஆனாலும் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறிக் காணியைக் கைமாற்ற முயன்றதாக யாராவது முறையிட்டால், பத்திரத்தை இரத்துச் செய்யும் நடவடிக்கையைத் தொடங்கச் செயலகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கடன் கொடுத்தவர் தன் கதையோடு அங்கே போவதற்கு முன் நீங்கள் போங்கள். கிராம அலுவலரிடமும் காணி உத்தியோகத்தரிடமும் நடந்ததைச் சொல்லி, கைமாற்றும் எண்ணம் இருக்கவில்லை என்பதை எழுத்தில் பதிவு செய்து, அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள். எழுதிக் கேட்பது சங்கடமாக இருந்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது: எழுத்தில் கேட்க இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம், அதை எழுத்தாக்குவது தகவல் அலுவலரின் கடமை. அங்கே நிற்கும்போதே பின்னுரித்தாளராக, அதாவது உங்களுக்குப் பின் காணிக்கு உரித்தாளியாக, யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். மூத்த ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த பழைய ஒழுங்கு 2022 இல் திருத்தப்பட்டுவிட்டதால், உங்கள் மகளின் பெயரை எழுதலாமா என்ற தயக்கம் வேண்டாம்.

வெற்றுத்தாள்களே எனக்குக் கவலை. அவற்றில் நாளைக்கு இரண்டு இலட்சத்தை ஐந்து இலட்சமாகவும் எழுதலாம். பணம் கடன்கொடுத்தல் பற்றிய 1918 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், தொகை எழுதாத கடனுறுதிச் சீட்டை ஈடாக வாங்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அநியாய வட்டியுள்ள கொடுக்கல் வாங்கலைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. எப்போது, யார் முன்னிலையில், எத்தனை வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது என்ற பொலிஸ் முறைப்பாடு இப்போதே பதிவாக வேண்டும். முறைப்பாட்டை எழுதும் உத்தியோகத்தர் அதை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் உள்ளது.

வாங்கிய இரண்டு இலட்சம் வாங்கியதுதான். அதை மறுக்க நான் உதவமாட்டேன். வட்டியையும் தவணையையும் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபை நல்ல இடம். 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் அந்தச் சபையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. நீங்களே பேச வேண்டும். உங்களைப் போல நிதானமாகப் பேசத் தெரிந்தவருக்கு அது பாதகமாகாது. முடிவில் இணக்கப் பத்திரம் எழுதுவார்கள். மூலப்பிரதியையும் வெற்றுத்தாள்களையும் திருப்பித் தருவது அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசிப்பித்துக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையே என்பீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்காக 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வன்னியிலும் இயங்குகிறது. நீதிமன்ற வளவில் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள்.

வாசிப்பைப் பற்றி

நீங்கள் உங்களைப் ‘படிக்காத மடையன்’ என்று ஒரு பதிவில் சொல்கிறீர்கள். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் எழுத்தறிவு 95.7 வீதம். அன்று உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் உங்களை அந்த 95.7 க்குள்தான் எழுதியிருப்பார். சிறிய கூற்று ஒன்றை விளங்கி வாசிக்கவும் எழுதவும் தெரிந்தால் அந்தக் கணக்கில் எழுத்தறிவுள்ளவர்தான். யுனெஸ்கோ 1978 இல் இதைவிடக் கடினமான அளவுகோலையும் வைத்தது: ஒருவர் வாழும் சமூகத்தில் எழுத்து தேவைப்படும் காரியங்களை அவர் எழுத்தைக் கொண்டு நடத்த முடிகிறதா? லீசிங் படிவம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பம், கிளினிக் கொப்பி, பாடசாலைக் கடிதம் என்று பார்த்தால் உங்கள் இடர்ப்பாடு அங்கே தெரிகிறது. பணக்கார நாடுகளிலும் இந்த இடர்ப்பாடு உண்டு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு நடத்தி 2024 இல் வெளியிட்ட வளர்ந்தோர் திறன் ஆய்வில், சராசரியாக நான்கில் ஒருவர் அளவில் வாசிப்பின் மிகக் கீழ்ப்படியிலோ அதற்கும் கீழோ இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போனவர்கள்.

வாசித்து விளங்குவது இரண்டு திறமைகளின் பெருக்கம் என்று கோஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986 இல் விளக்கினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறமை ஒன்று, பேச்சைக் கேட்டு விளங்கும் திறமை மற்றது. இரண்டாவது உங்களிடம் நிறையவே இருக்கிறது. முதலாவது மிக மெதுவாக நடப்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் கவனம் செலவாகி, வசனத்தை மனதில் பிடித்து வைக்க மிச்சம் இல்லாமற் போகிறது. தொடக்கம் மறந்துபோகிறது என்று நீங்கள் சொன்னது ஞாபகசக்திக் குறைவால் அல்ல. அதோடு வீட்டில் பேசும் தமிழுக்கும் அலுவலகம் எழுதும் தமிழுக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலை ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கடக்கும் அந்தத் தூரத்தின் நடுவில்தான் உங்களுக்கு 1996 வந்தது. பிள்ளைகள் 14 வயதுவரை கட்டாயம் பாடசாலை போக வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1998 இல் நடைமுறைக்கு வந்தபோது, உங்கள் பக்கத்தில் பாடசாலைகளே இடம்பெயர்ந்துகொண்டிருந்தன.

செய்ய வேண்டியவற்றில் மிகச் சுலபமானதை முதலில் செய்யுங்கள்: கண்ணைச் சோதியுங்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவது வழக்கம். இல்லாத கண்ணாடியும் உங்கள் இடர்ப்பாட்டைக் கூட்டியிருக்கலாம். அடுத்து, வலயக் கல்விப் பணிமனையில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். முல்லைத்தீவு, துணுக்காய் என்ற இரண்டு வலயங்களில் உங்கள் கிராமம் எதற்குள் வருகிறதோ அங்கே. வளர்ந்தோர் வகுப்புகள் எல்லாக் கிராமத்திலும் எப்போதும் நடப்பதில்லை. கேட்பவர்கள் சிலர் சேர்ந்தால் தொடங்குவார்கள். உங்கள் கிராமத்தில் நீங்கள் ஒருவர்தான் இப்படி என்று நான் நம்பவில்லை. 1990 களில் வன்னியில் வளர்ந்த ஒரு தலைமுறையின் பள்ளிக்காலம் முழுவதும் மூட்டை முடிச்சோடு கழிந்தது.

வகுப்பு கிடைக்கும்வரை சிறுவர் பாலபோதினியைத் தேட வேண்டாம். அது உங்களை அலுக்கச் செய்யும். உங்கள் வீட்டுக்கு வரும் மின்கட்டணப் பட்டியலும் பசளைப் பையின் பின்பக்கமும் போதும். நீண்ட வசனத்தில் முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள், தமிழில் அது பெரும்பாலும் கடைசியில் இருக்கும்; பிறகு தொகை, திகதி, பெயர் ஆகியவற்றில் கோடிடுங்கள்; அதன் பின் முழுவதையும் வாசியுங்கள். வீட்டு வரைபடத்தை ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ளும் மேசனுக்கு, தாளில் எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் மிச்சம் பயிற்சிதான். தமிழ் எழுத்தைப் படம்பிடித்து வாசித்துக் காட்டும் கைபேசிச் செயலிகளும் உதவும். அவை எண்களிலும் சட்டச் சொற்களிலும் பிழைவிடும், எனவே கையெழுத்து வைக்க வேண்டிய தாளுக்கு அவற்றை மட்டும் நம்பாதீர்கள். தொழிற் சான்றிதழுக்கு எழுத்துப் பரீட்சை தடையாக இருக்குமென்று நினைத்திருந்தால் அதையும் விடுங்கள். அனுபவமுள்ளவர்களின் முன்னைய கற்றலை மதிப்பிட்டு, வேலையைச் செய்து காட்டச் சொல்லித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் வழி இருக்கிறது.

மனைவியும் மகளும், பொருளாளர் பதவியும்

மனைவிக்கு இன்றே சொல்லுங்கள், அந்தக் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு. அழைப்பாணையை நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வாங்கப்போவது அவர்தான். காணியிலும் அவர் வாழ்வு இருக்கிறது. இது வெட்கத்தைப் பற்றிய அறிவுரையாக இல்லாமல் சட்டத்தரணியின் அறிவுரையாகவே இருக்கட்டும். மகளுக்குச் சொல்வதா என்பதை உங்கள் இருவருக்கும் விட்டுவிடுகிறேன். சொன்னால் அவரை வீட்டு எழுத்தராக்கிவிடாதீர்கள். கடன் கடிதங்களை வாசித்துத் தகப்பனுக்கு விளக்கும் பாரம் சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் ஒரு பிள்ளைக்கு அதிகம். மின்பட்டியல் வாசிக்கத் துணை கேட்பது அளவானது.

பொருளாளர் பதவியை இவ்வருடம் ஏற்காமல் விடுவதே நல்லது. உங்கள் நேர்மையிலோ கணக்கிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. பொருளாளர் ஒப்பமிடும் ஒவ்வொரு காசோலைக்கும் கூட்டறிக்கைக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வழக்குகள் தலைக்கு மேல் நிற்கும்போது மூன்றாவது கையெழுத்துப் புத்தகம் உங்களுக்கு வேண்டாம். ஊர் விடாது என்றால் நிர்வாக சபை உறுப்பினராக இருந்து, ஒவ்வொரு கூட்டத்திலும் சென்ற கூட்ட அறிக்கையையும் கணக்கையும் சத்தமாக வாசித்த பின்பே நிறைவேற்றுவது என்று முன்மொழியுங்கள். அமைப்பின் யாப்பில் அதற்குத் தடை ஏதும் இருக்க நியாயமில்லை, அதற்காக யாரும் உங்களிடம் காரணமும் கேட்கமாட்டார்கள்.

சட்ட உதவி நிலையத்துக்குப் போகும்போது கோரிக்கைக் கடிதத்தை அது வந்த உறையோடு கொண்டுபோங்கள். உறையில் உள்ள தபால் முத்திரைத் திகதி தேவைப்படும். தேசிய அடையாள அட்டை, ஓட்டோவுக்குத் தந்த ஏதாவது தாள் இருந்தால் அது, கடன் கொடுத்தவருக்குக் கட்டிய காசின் பற்றுச்சீட்டுகள், கிராம அலுவலரின் வருமான உறுதிப்படுத்தல் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தரும் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உதவி கேளுங்கள். நிரப்பியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.